முடிவு முன்பே தெரிவது ஒரு குறையா?

உங்கள் கேள்வி ஒரே ஒரு படத்தைப் பற்றியது போலத் தோன்றுகிறது. 1998இல் வெளிவந்த 'யூவ் காட் மெயில்' என்ற காதல் நகைச்சுவைப் படத்தை உங்கள் அக்கா பத்து முறைக்கு மேல் பார்த்திருக்கிறார். நீங்கள் ஒருமுறை பார்த்தபோதே, யார் யாரைச் சேரப்போகிறார்கள் என்பது முதல் கால் மணி நேரத்தில் தெரிந்துவிட்டதால், மீதிப் படம் வெறும் காத்திருப்பாக இருந்தது என்கிறீர்கள். அச்சில் வார்த்தது போன்ற ஒரு படத்தை நல்ல படம் என்று எப்படிச் சொல்ல முடியும், இருவரில் யார் சொல்வது சரி என்பது நீங்கள் எழுதியிருக்கும் கேள்வி. ஆனால் அதன் இறுதியில் "கடைசிக் காட்சியில் ஏதோ நெருடியது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். என் பார்வையில் அந்த வரிதான் இரண்டாவது கேள்வி, அதுவே கனமான கேள்வியும்கூட. முடிவு முன்கூட்டியே தெரிவது குறையா என்பதில் நான் உங்கள் அக்காவின் பக்கம் நிற்கிறேன். உங்களை நெருடியது உண்மையான குறையா என்பதில் உங்கள் பக்கம் நிற்கிறேன்.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சென்னையில் கதை விவாதங்களில் உட்கார்ந்து, ஒன்லைனை, அதாவது ஓரிரு வரிக் கதைச் சுருக்கத்தை, சீன் ஆர்டராக, அதாவது காட்சி வரிசையாக, விரிக்கும் வேலையைச் செய்துவருகிறேன். சில ஆண்டுகளாகத் திரைக்கதை பயில்பவர்களுக்கு இந்தப் படத்தையும் இதன் மூலப் படத்தையும் அருகருகே வைத்துப் பாடமும் நடத்துகிறேன். ஆகவே காட்சிகள் எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்பதைப் பற்றி உறுதியாகப் பேச முடியும். ஆனால் நியூயார்க்கில் சொந்தப் புத்தகக் கடையை இழந்த ஒருவர் இதைப் பார்க்கும்போது என்ன உணர்வார் என்பதை என்னால் ஊகிக்க மட்டுமே முடியும். ஊகிக்கும் இடத்தில் அது ஊகம் என்று சொல்லிவிடுகிறேன்.

படத்தைப் பார்க்காதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேத்லீன் கெல்லி, நியூயார்க்கின் அப்பர் வெஸ்ட் சைடு பகுதியில், தாய் விட்டுச்சென்ற ஒரு சிறிய குழந்தைகள் புத்தகக் கடையை நடத்துகிறாள். ஜோ ஃபாக்ஸ், அந்தக் கடைக்கு அருகிலேயே பிரம்மாண்டமான புத்தக அங்காடியைத் திறக்கும் குடும்பத்தின் வாரிசு. நேரில் இருவரும் பகைவர்கள். ஆனால் 'ஷாப்கர்ல்', 'என்ஒய்152' என்ற புனைபெயர்களுக்குப் பின்னால் ஒருவரையொருவர் யாரென்று அறியாமல் மின்னஞ்சலில் மனம்விட்டுப் பேசிக்கொள்கிறார்கள். பாதிப் படத்தில் அவனுக்கு உண்மை தெரிந்துவிடுகிறது. அவளுக்குக் கடைசிக் காட்சியில்தான் தெரிகிறது. மெக் ரயனும் டாம் ஹாங்க்ஸும் நடித்தார்கள். நோரா எஃப்ரான் இயக்கினார். திரைக்கதையை அவரும் அவருடைய தங்கை டீலியா எஃப்ரானும் சேர்ந்து எழுதினார்கள்.

இந்த வாய்ப்பாடு, அதாவது இந்தக் கதை அச்சு, அவர்கள் கண்டுபிடித்தது அல்ல. ஹங்கேரிய நாடகாசிரியர் மிக்லோஷ் லாஸ்லோவின் நாடகம் ஒன்று 1937இல் ஒரு வாசனைப் பொருள் கடையில் இந்தக் கதையை நிகழ்த்தியது. 1940இல் எர்ன்ஸ்ட் லூபிட்ச் அதைப் புடாபெஸ்ட் நகரத்துத் தோல்பொருள் கடை ஒன்றில் நடப்பதாக மாற்றி, 'தி ஷாப் அரவுண்ட் தி கார்னர்' என்ற படமாக்கினார். ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டும் மார்கரெட் சல்லவனும் அதில் ஒரே கடையின் ஊழியர்கள். அங்கே மின்னஞ்சலுக்குப் பதில் தபால்பெட்டிக் கடிதங்கள். 1949இல் ஜூடி கார்லண்ட் நடித்த இசைப்படமாக, சிகாகோவின் இசைக்கருவிக் கடை ஒன்றுக்கு அது இடம்பெயர்ந்தது. 1963இல் பிராட்வேயில் 'ஷி லவ்ஸ் மீ' என்ற இசை நாடகமாயிற்று. எஃப்ரான் சகோதரிகள் இந்தக் கடனை ஒளிக்கவில்லை. கேத்லீனின் கடைக்கே லூபிட்ச் படத்தின் பெயரைப் பலகையாக மாட்டியிருக்கிறார்கள். ஆக 1998இல் அரங்குக்குப் போன பார்வையாளர்களில் ஒரு பகுதியினருக்கு முடிவு மட்டுமல்ல, நடுவில் வரும் திருப்பமும் முன்பே தெரியும். படம் அவர்களையும் சேர்த்துத்தான் அழைக்கிறது.

தமிழ் வாசகருக்கு இது அந்நியமான ஏற்பாடு இல்லை. குறுந்தொகையைத் திறக்கும் எவருக்கும் தலைவன், தலைவி, தோழி, செவிலி என்ற ஆட்கள் முன்பே தெரியும். களவு கற்பாக மாறும் வழியும் தெரியும். தெரிந்திருப்பதால்தான் இந்தத் தோழி இந்தப் பாடலில் எந்தச் சொல்லை விழுங்கினாள் என்று நம்மால் கவனிக்க முடிகிறது. முடிவு தெரியாத கதையில் கண் அடுத்த நிகழ்ச்சியைத் தேடி ஓடிக்கொண்டே இருக்கும். முடிவு தெரிந்த கதையில் அது முகங்களின் மீது தங்கும். வாய்ப்பாடு செய்யும் உதவி இதுதான். அந்த உதவியை வாங்கிக்கொண்டு, தங்கிய கண்ணுக்குப் பார்க்க எதுவும் கொடுக்காத படம்தான் மோசமான வாய்ப்பாட்டுப் படம். அப்படிப்பட்டவை ஏராளமாக வந்திருக்கின்றன, நானும் சிலவற்றில் வேலை செய்திருக்கிறேன். இந்தப் படம் அந்த வகை அல்ல என்று நிறுவ எனக்கு ஒரே ஒரு காட்சி போதும்.

கஃபே காட்சியைச் சொல்கிறேன். இருவரும் முதன்முறையாக நேரில் சந்திப்பது என்று மின்னஞ்சலில் முடிவாகிறது. அடையாளத்துக்காக அவள் மேசையில் ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலும் ஒரு ரோஜாவும் இருக்கும். பதற்றம் தாங்காத ஜோ, உள்ளே போகத் துணியாமல், உடன் வந்த நண்பனைச் சன்னல் வழியாகப் பார்த்துச் சொல்லச் சொல்கிறான். நண்பன் பார்க்கிறான், தயங்குகிறான், கேத்லீன் கெல்லியை உனக்குப் பிடிக்காதென்றால் இந்தப் பெண்ணையும் பிடிக்கப்போவதில்லை என்கிறான். 1940இல் இதே சன்னல், இதே நண்பன், ஏறத்தாழ இதே வசனம்தான். அங்கே ரோஜாவின் இடத்தில் கார்னேஷன் பூ, ஆஸ்டினின் இடத்தில் 'அன்னா கரேனினா'. வகுப்பில் இந்த இடத்தில் படத்தை நிறுத்தி, இப்போது யாருக்கு என்ன தெரியும் என்று கேட்பேன். இதுவரை இருவருமே அறியாமல் இருந்தார்கள், நாம் மட்டும் அறிந்திருந்தோம். இனி நாமும் அவனும் ஒரு பக்கம், அவள் தனியாக மறுபக்கம். சிரிப்பின் நிறம் இந்த நொடியில் மாறுகிறது. இதன் முன்புவரை இருவரையும் பார்த்துச் சிரித்த நாம், இனி சிரிக்கும்போதெல்லாம் அவளைப் பற்றிக் கொஞ்சம் கவலைப்பட்டாக வேண்டும்.

அவன் சற்று நேரம் கழித்து, தற்செயலாக வந்தவன்போல உள்ளே போய் அவள் எதிரில் உட்காருகிறான். தன் மனதுக்கு இனியவன் வரப்போகிறான் என்று வாசலையே பார்த்திருப்பவள், இந்தத் தொல்லையை எழுப்பி அனுப்பப் பார்க்கிறாள். இங்கே பேசப்படும் வார்த்தைகளுக்கான விதை மிக முன்பே, ஒரு மின்னஞ்சலில் ஊன்றப்பட்டிருக்கிறது. யாராவது சீண்டினால் தனக்கு வாயடைத்துப்போகும், பதில் சொல்ல வராது, பிறகு இரவெல்லாம் சொல்லியிருக்க வேண்டியதை நினைத்துப் புரண்டுகொண்டிருப்பேன் என்று அவள் எழுதியிருந்தாள். தனக்கோ நேர்மாறு, சுடுசொல் உடனே வந்துவிடும், அதை உனக்குக் கொடுத்துவிட முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும், ஆனால் சொல்ல நினைத்ததை நினைத்த கணத்தில் சொல்லிவிட்டால் பின்னாலேயே வருத்தமும் வந்து சேரும் என்று அவன் எச்சரித்திருந்தான். கஃபேயில் அவள் வாழ்க்கையில் முதன்முறையாகச் சுடுசொல்லைக் கண்டுபிடிக்கிறாள், அவன் மீதே எறிகிறாள். உன்னைத் திறந்து பார்த்தால் மூளை இருக்க வேண்டிய இடத்தில் கல்லாப்பெட்டியும் இதயம் இருக்க வேண்டிய இடத்தில் லாபக்கணக்கும்தான் இருக்கும் என்கிறாள். சொன்ன மறுகணம் தனக்கே வியந்துபோகிறாள். அவன் சொல்லியிருந்தபடியே பிறகு வருத்தமும் வருகிறது. ஒரு வசனம் பழைய மின்னஞ்சலுக்கு விடையாகவும் நிகழ்கால அவமதிப்பாகவும் அவள் வளர்ச்சியின் முதல் படியாகவும் ஒரே நேரத்தில் நிற்பது எளிதில் அமைகிற விஷயம் அல்ல.

லூபிட்சின் படத்திலும் இந்த வசனம் உண்டு. அங்கே கதாநாயகி, இதயத்துக்குப் பதில் கைப்பை, ஆன்மாவுக்குப் பதில் பெட்டி, அறிவுக்குப் பதில் எரியாத சிகரெட் லைட்டர் என்று அடுக்குகிறாள். எல்லாமே அந்தத் தோல்பொருள் கடையின் சரக்குகள். தன் கையில் நாள் முழுக்கப் புழங்கும் பொருள்களையே எடுத்து அடிக்கிறாள். எஃப்ரான் சகோதரிகள் அந்த வசனத்தைப் பெயர்த்து எடுக்கவில்லை, அதன் தத்துவத்தை எடுத்தார்கள். அவனுடைய தொழில் எதுவோ அதிலிருந்து வசவு பிறக்க வேண்டும் என்பதே அந்தத் தத்துவம். அவனோ புத்தகம் விற்பவன் அல்ல, கணக்கு விற்பவன் என்பதால் கல்லாவும் லாபக்கணக்கும் வந்தன. வாய்ப்பாட்டை எப்படிக் கையாள வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டு வசனங்களையும் அருகருகே எழுதிக் காட்டுவதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியாது.

மற்ற பலங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காதலர்களைப் பிரித்தே வைத்திருக்க வேண்டிய கதையில் மின்னஞ்சல்களைப் படிக்கும் குரலால் அவர்களைச் சேர்த்துவைப்பது நல்ல உத்தி. இணைப்புக்காகக் காத்திருக்கும் அந்த டயல்அப் ஓசையும், அமெரிக்கா ஆன்லைன் என்ற இணையச் சேவைக்காக எல்வுட் எட்வர்ட்ஸ் 1989இல் பதிவுசெய்து கொடுத்த 'மின்னஞ்சல் வந்திருக்கிறது' என்ற அறிவிப்பும் இன்று நமக்குப் பழம்பொருளாகத் தெரிந்தாலும், காதலில் காத்திருத்தல் எவ்வளவு பெரிய பகுதி என்பதை அவை உடம்பில் உணரவைக்கின்றன. இலையுதிர்காலம் வந்ததும் புதிதாகச் சீவிய பென்சில்களைப் பூங்கொத்தாகக் கட்டி உனக்கு அனுப்பத் தோன்றுகிறது என்று அவன் எழுதுவான். அழகு பற்றியோ விதி பற்றியோ ஒரு சொல் இல்லாமல், பள்ளி திறக்கும் பருவத்தின் வாசனையை மட்டும் வைத்து ஒருவனை விரும்பத்தக்கவனாக ஆக்கிவிடுகிறது அந்த வரி. தொடக்கத்தில் இருவரும் ஒரே தெருக்களில், ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர், பார்த்துக்கொள்ளாமல் கடந்துபோவதை நடனம்போல அமைத்திருக்கிறார்கள். இரு நடிகர்களுக்கும் அது சேர்ந்து நடித்த மூன்றாவது படம். அந்தப் பழக்கம் திரையில் தெரிகிறது, பேசாத இடங்களிலும் ஒருவர் மூச்சுக்கு ஒருவர் இடம் விடுகிறார்கள்.

பலவீனங்களில் சிறியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன், அவை உங்களை நெருடியவை அல்ல என்று நினைக்கிறேன். வாய்ப்பாடு கேட்பதால் மட்டுமே இருவருக்கும் ஆளுக்கொரு பொருந்தாத துணை இருக்கிறார்கள். ஜோவின் காதலி, பழுதாகி நின்ற மின்தூக்கிக்குள் எல்லோரும் தங்கள் வாழ்க்கையை நினைத்துப் பார்க்கும் நேரத்தில், கைப்பையில் மிட்டாய் தேடுகிறாள். அந்த ஒரு செய்கைக்காக அவளைக் கதையிலிருந்து அனுப்பிவிடுகிறார்கள். கேத்லீனின் காதலனும் சண்டையின்றி, வலியின்றி, புன்னகையோடு விலகிப்போகிறான். யாருக்கும் காயம்படாமல் பாதையைச் சுத்தம்செய்யும் இந்த அவசரம் இவ்வகைப் படங்களின் பரம்பரை நோய். லூபிட்ச் அதற்கு மாற்று வைத்திருந்தார். அவர் படத்தில் பொருந்தாத துணைகளே இல்லை, அந்த நேரத்தைக் கடை முதலாளி மட்டுஷெக்கிற்குக் கொடுத்தார். மனைவியின் துரோகத்தால் உயிரையே மாய்த்துக்கொள்ளப் பார்த்த அந்த முதியவர், கிறிஸ்துமஸ் இரவில் தன் கடை வாசலில் பனியில் நின்றுகொண்டு, வெளியே வரும் ஒவ்வொரு ஊழியரிடமும் இன்றிரவு எங்கே சாப்பிடப்போகிறாய் என்று விசாரிக்கிறார். எல்லோருக்கும் போக ஒரு வீடு இருக்கிறது. கடைசியில், புதிதாக வேலைக்குச் சேர்ந்த, ஊரில் யாருமில்லாத எடுபிடிப் பையன் ஒருவன் வருகிறான். அவனை விருந்துக்கு அழைத்துப்போகிறார். ஒரு காதல் நகைச்சுவைக்குள் காதலின் தோல்விக்கும் இடம் கொடுத்த அந்தக் காட்சியை நான் எத்தனை முறை பார்த்தாலும் மனம் நெகிழ்ந்துவிடுகிறது. 1998 படத்தில் அதற்கு நிகரான ஓர் இடம் இல்லை.

இனி உங்கள் நெருடலுக்கு வருகிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கதை விவாதத்தில், இந்தப் படத்தை ஒட்டிய ஒன்லைன் ஒன்றை உற்சாகமாக விரித்துக்கொண்டிருந்தோம். நாயகன் நாயகியின் கடையை மூடவைக்கிறான், பிறகு காதலால் வெல்கிறான் என்பது கதை. மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மூத்த இணை இயக்குநர் ஒருவர், "எல்லாம் சரிப்பா, கடை போச்சே, அத யாரு திருப்பித் தருவா?" என்று கேட்டார். அறையில் யாரிடமும் விடையில்லை. அன்றே அந்த ஒன்லைனைக் கைவிட்டோம். அந்தக் கேள்வியை நான் இன்னும் கைவிடவில்லை. உங்களை நெருடியதும் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இந்த வாய்ப்பாட்டின் இயந்திரம் தவறான புரிதலில் ஓடுவது. நீ நினைத்த ஆள் நான் இல்லை, நான் நினைத்த ஆள் நீ இல்லை என்று இருவரும் கண்டுகொண்டதும் பகை கரைந்துவிட வேண்டும். 1940இல் அது கரைந்துவிடுகிறது, ஏனென்றால் அங்கே பகைக்குக் காரணமே இசை ஒலிக்கும் ஒரு சிகரெட் பெட்டி விற்குமா விற்காதா என்பது போன்ற கடைச் சச்சரவுகள்தான். அவன் மூத்த விற்பனையாளன், அவள் புதிதாகச் சேர்ந்தவள், ஆகவே முழுச் சமம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் இருவரும் இன்னொருவர் கொடுக்கும் சம்பளத்தில் வாழ்கிறவர்கள், ஒருவர் சாப்பாட்டை மற்றவர் பிடுங்கவில்லை. அவன் காதலி யாரென்று தெரிந்துகொள்ளும் அந்த இரவில், அன்றுதான் வேலையிழந்தவனாக, அவளைவிடத் தாழ்ந்த நிலையில் நிற்கிறான். 1998இல் நிலைமை தலைகீழ். அவள் அவனைத் தவறாகப் புரிந்துகொள்ளவே இல்லை. அவன் தன் கடையை அழித்துவிடுவான் என்று நினைத்தாள், அவன் அழித்தான். இதில் விளக்கித் தீர்க்க என்ன இருக்கிறது? தவறான புரிதலைக் கரைப்பதற்கென்று செய்யப்பட்ட இயந்திரத்தில் உண்மையான இழப்பு ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். இயந்திரம் நிற்காமல் ஓடுகிறது, ஆனால் இழப்பு அரைபடாமல் அப்படியே வெளியே வந்து விழுகிறது. இந்தப் படத்தைப் பற்றி நான் முழு உறுதியோடு சொல்லக்கூடிய முதன்மையான குறை இதுதான்.

அந்த இழப்பு கற்பனையும் அல்ல. 1990களில் பார்ன்ஸ் அண்ட் நோபிள், பார்டர்ஸ் போன்ற சங்கிலி அங்காடிகள் அமெரிக்க நகரங்களில் தள்ளுபடி விலையோடும் சாய்வு நாற்காலிகளோடும் காபியோடும் பரவியபோது, தனிக்கடைகள் வரிசையாக மூடின. படம் நடக்கும் அதே அப்பர் வெஸ்ட் சைடில், பிராட்வே வீதியில் இருந்த ஷேக்ஸ்பியர் அண்ட் கோ என்ற கடை, அருகில் பெரிய அங்காடி வந்த பிறகு 1996இல் மூடப்பட்டது. அதாவது படம் வெளிவருவதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன்பு. அந்தப் பகுதியில் வாழ்ந்த எஃப்ரான் இதை அறிந்தேதான் எழுதினார். பின்னாளில் பார்டர்ஸும் 2011இல் திவாலாகி மறைந்தது, இணைய விற்பனை பெரிய அங்காடிகளையும் விழுங்கியது. இன்று பார்க்கும்போது ஜோ ஃபாக்ஸின் வெற்றியே சில ஆண்டுக் கதை என்று தோன்றுகிறது. 1998இல் எழுதியவர்களுக்கு அந்தக் கசப்பு முழுவதும் கைக்கு வந்திருக்க வாய்ப்பில்லை. ஆகவே அதை அவர்கள் கணக்கில் நான் எழுதுவதில்லை.

இரண்டாவது குறை முதலாவதிலிருந்தே பிறப்பது. கஃபேக்குப் பிறகு அவனுக்கு உண்மை தெரியும், அவளுக்குத் தெரியாது. லூபிட்சும் இந்த ஏற்றத்தாழ்வைப் பயன்படுத்தினார், அவருடைய நாயகனும் முகம்தெரியாக் காதலனைப் பற்றிப் பொய்யாக வர்ணித்து அவளைக் கலங்கடிக்கிறான். ஆனால் அங்கே அது ஒரு விளையாட்டின் அளவைத் தாண்டவில்லை. இங்கேயோ குளிர்காலத்திலிருந்து தோட்டங்களில் பூக்கள் மலரும் பருவம்வரை இது நீள்கிறது. அந்த இடைவெளியில் அவள் தன் கடையை மூடுகிறாள், அந்தத் துயரத்தை யாருக்கு எழுதுகிறாளோ அவனே அதற்குக் காரணம், அதை அவன் அறிவான். இருவரும் அறியாதிருந்தபோது, போராடு, விட்டுக்கொடுக்காதே என்று தனக்கு எதிராகவே அவளுக்கு அவன் யோசனை சொன்னது அழகான வேடிக்கை. அறிந்த பிறகும் இரண்டு முகங்களோடு அவள் மனதுக்குள் நடமாடுவது வேடிக்கை அல்ல. 1996இல் அகத்தியன் இயக்கிய 'காதல் கோட்டை'யைப் பார்த்த நமக்கு இந்த வேறுபாடு எளிதில் விளங்கும். அங்கேயும் முகம் பாராத கடிதக் காதல், அங்கேயும் இருவரும் நேரில் எதிர்ப்பட்டும் அறியாமல் கடக்கிறார்கள். ஆனால் கடைசிவரை இருவருமே அறியாதவர்கள், ஒருவர் கை மற்றவர் கைக்கு மேல் இல்லை. அதனால்தான் அந்தச் சந்திப்பில் நமக்கு மகிழ்ச்சி மட்டுமே மிஞ்சுகிறது.

இனி நான் உறுதியாகச் சொல்ல முடியாத பகுதிக்கு வருகிறேன். படத்துக்கு இந்தக் குறை தெரியுமா? தெரியும் என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. கடை மூடிய பிறகு கேத்லீன் ஒருநாள் அந்தப் பெரிய அங்காடிக்குள் போய்க் குழந்தைகள் பிரிவில் உட்காருகிறாள். அங்கே ஒரு வாடிக்கையாளர் 'ஷூஸ்' என்று முடியும் தலைப்புகள் கொண்ட பழைய குழந்தைப் புத்தகங்களைக் கேட்கிறார். விற்பனையாளனுக்கு எழுதியவர் யாரென்றே தெரியவில்லை. அவள் தாழ்வான இருக்கையிலிருந்தபடியே நோயல் ஸ்ட்ரெட்ஃபீல்ட் என்று பெயரைச் சொல்கிறாள், எதிலிருந்து படிக்கத் தொடங்க வேண்டும் என்றும் சொல்கிறாள், சொல்லும்போதே கண்ணீர் வந்துவிடுகிறது. விலையில் தோற்றது சரி, ஆனால் அவள் தலைக்குள் இருந்த அந்த அறிவை வாங்கிக்கொள்ள இங்கே அலமாரி இல்லை. சில நிமிடங்களே வரும் இந்தக் காட்சியில் படம் தன் நாயகனுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. ஜோ தூரத்தில் நின்று அதைப் பார்க்கவும் செய்கிறான்.

இதைவிட முக்கியமான சான்று, கடைசிச் சந்திப்புக்குச் சற்று முன்பு அவள் வீட்டு வாசலில் அவன் பேசும் பேச்சு. அன்று உன்னைக் கஃபேயில் காக்கவைத்துவிட்டு வராமல் போன அந்த ஆளை உன்னால் மன்னிக்க முடிகிறது, உன் கடையை இழுத்து மூடவைத்த இந்தச் சின்னஞ்சிறு விஷயத்துக்காக என்னை மட்டும் மன்னிக்க முடியவில்லையே என்கிறான். உங்கள் நெருடலையே படம் வசனமாக எழுதி வைத்திருக்கிறது. இதை இரண்டு விதமாக வாசிக்கலாம். அது நேர்மையான ஒப்புதல், எவ்வளவு பெரிய விஷயம் என்பது தெரிந்தவன்தான் அதைச் சிறியது என்று சொல்லித் தன்னையே குத்திக்கொள்ள முடியும் என்பது ஒரு வாசிப்பு. பார்வையாளர் கேட்கக்கூடிய கேள்வியைக் கதாபாத்திரம் முந்திக்கொண்டு கேட்டுவிட்டால், விடை சொல்லாமலே நழுவிவிடலாம் என்ற எழுத்தாளரின் சாமர்த்தியம் அது என்பது இன்னொரு வாசிப்பு. நானும் விவாத அறைகளில் அந்தச் சாமர்த்தியத்தைப் பலமுறை செய்திருக்கிறேன், ஆகவே இரண்டாவது வாசிப்பின் பக்கமே சாய்கிறேன். ஆனால் டாம் ஹாங்க்ஸ் அந்த வரியில் குரலைத் தாழ்த்தும் விதம் முதல் வாசிப்புக்கும் இடம் தருகிறது என்பதை மறுக்க மாட்டேன். அவளும் சிரித்துவிடுவதில்லை, விடை சொல்வதில்லை, போக வேண்டும் என்று மட்டும் சொல்லி நகர்கிறாள்.

பிறகு கடைசிச் சந்திப்பு நடக்கும் அந்தத் தோட்டம். அவன் தன் நாயைக் கூப்பிடும் குரல் கேட்கிறது, நாய் வருகிறது, அதன் பின்னால் அவன் வருகிறான். அவள் அழுகிறாள். அது நீயாக இருக்க வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டேன் தெரியுமா என்கிறாள். இந்த ஒரு வாக்கியம்தான் முடிவைத் தாங்கி நிற்கும் தூண். அவள் ஏமாற்றப்படவில்லை, உள்ளுக்குள் ஏற்கெனவே ஊகித்திருந்தாள், வாசலில் அந்தப் பேச்சைக் கேட்டபோதே தேர்வு செய்துவிட்டாள் என்று அது சொல்லவருகிறது. மெக் ரயனின் முகத்தில் அதிர்ச்சிக்கு முன்பு நிம்மதி வருவதைப் பார்த்தால் அதை நம்பலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அப்படியானால் அவன் அவளிடமிருந்து பறித்துக்கொண்ட ஒன்றை, தேர்வு செய்யும் உரிமையை, திரைக்கதை கடைசி நிமிடத்தில் அவளுக்குத் திருப்பிக் கொடுக்கப் பார்க்கிறது. கடையை அது திருப்பிக் கொடுக்கவில்லை, கொடுக்கவும் முடியாது. அவள் இனிக் குழந்தைகளுக்கான புத்தகம் எழுதப்போகிறாள் என்று முன்பே ஒரு வழியைத் திறந்துவைத்திருக்கிறார்கள். அது ஆறுதலே தவிர ஈடு அல்ல.

உங்கள் அக்கா ஏன் மீண்டும் மீண்டும் பார்க்கிறார் என்பதை நீங்கள் அவரிடம்தான் கேட்க வேண்டும். என் அனுபவத்தில், இந்தப் படத்தைப் பலமுறை பார்ப்பவர்கள் முடிவுக்காகப் பார்ப்பதில்லை. மின்னஞ்சல்களுக்காகப் பார்க்கிறார்கள், பென்சில் பூங்கொத்துக்காகப் பார்க்கிறார்கள், கஃபேயில் அவளுக்கு முதன்முறையாக வார்த்தை வாய்க்கும் கணத்துக்காகப் பார்க்கிறார்கள். அவருக்கு நேரமிருந்தால் 1940ஆம் ஆண்டுப் படத்தையும் சேர்த்து இருவருமாகப் பாருங்கள், பழையதை முதலில் பாருங்கள். அதன்பின் 1998 படத்தில் கடை மூடும் இரவுக்கு வந்ததும் சற்று நிறுத்துங்கள். கேத்லீன் காலியான அலமாரிகளுக்கு நடுவே நிற்கிறாள், அங்கே தாயும் சிறுமியான தானும் கைகோத்துச் சுற்றியாடுவது அவள் கண்ணுக்குத் தெரிகிறது. பிறகு கதவின் மேலிருக்கும் சிறிய மணியைக் கழற்றி எடுத்துக்கொண்டு வெளியேறுகிறாள். அந்த இருப்பிடத்திலிருந்து அவள் கையோடு எடுத்துச்செல்வது அந்த மணியைத்தான். அதற்குப் பிறகு வரும் தோட்டக் காட்சியை அக்காவின் கண்ணோடு ஒருமுறையும் உங்கள் கண்ணோடு ஒருமுறையும் பார்த்துவிட்டு, அவள் மன்னித்தாளா அல்லது மன்னிக்காமலே நேசிக்கத் துணிந்தாளா என்பதைப் பற்றி உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று எழுதுங்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் வெவ்வேறாகத் தோன்றுகிறது.